ஆணி இல்லாத நாற்காலி

உங்கள் வகுப்பறை நாற்காலியைக் கவிழ்த்துப் பாருங்கள். திருகாணிகள் தெரியும். அவை தளர்ந்தால் நாற்காலி ஆடும். இங்கிலாந்தில் ஏறத்தாழ 300 ஆண்டுகளாகச் செய்யப்பட்டுவரும் வின்சர் நாற்காலியிலோ, கால்களை இருக்கையோடு இணைக்க ஆணியே தேவைப்படுவதில்லை.

இந்நாற்காலிக்குப் பெயர்பெற்ற ஊர், லண்டனுக்கு வடமேற்கிலுள்ள ஹை விக்கம். 19ஆம் நூற்றாண்டில் அங்குச் சிறிய பட்டறைகள் பல இருந்தன. ஒரே நாற்காலியைப் பலர் சேர்ந்து செய்தனர். கால்களைக் கடைந்தவர்களுக்குப் 'போட்ஜர்' என்று பெயர். அவர்கள் அருகிலிருந்த பீச் மரக்காட்டிலேயே வேலை செய்தனர். வெட்டிய மரம் ஈரமாக இருக்கும்போதே அதைத் துண்டுகளாக்கி, நார் ஓடும் போக்கில் பிளந்தனர். நார் அறுபடாததால் மெல்லிய காலும் வலுவாக இருக்கும். பின்னர், காலால் மிதித்து இயக்கும் கடைசல் கருவியில் அதைக் கடைந்து, உலர வைத்துப் பட்டறைக்கு அனுப்பினர்.

இருக்கைக்கு எல்ம் மரப்பலகை. அதன் நார்கள் பின்னிக் கிடப்பதால் எளிதில் பிளக்காது. பலகையைத் தரையில் வைத்து, அதன்மேல் நின்றபடி வாய்ச்சியால் குழிவாகச் செதுக்குவார்கள். வாய்ச்சி விழும் இடம் இரு பாதங்களுக்கும் நடுவே! எவ்வளவு கவனம் வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்.

முதுகுப்புற வளைவுக்குரிய மரத்தை நீராவியில் வேகவைப்பர். வெளியே எடுத்ததும் ஒரு நிமிடத்திற்குள் வளைத்தாக வேண்டும். சூடு ஆறினால் மரம் முறியும்; அதுவரை செய்த உழைப்பும் வீணாகும்.

இனி, இணைப்பு. நன்கு உலர்ந்த காலின் நுனியைச் சற்றே ஈரமுள்ள இருக்கையின் துளையில் அடித்து இறக்குவர். உலர்ந்த நுனி ஈரத்தை உறிஞ்சிப் பருக்கும். இருக்கையோ காயக் காயச் சுருங்கித் துளையை இறுக்கும். அதன்பின் நுனியின் நடுவே ஓர் ஆப்பு அடிப்பர். ஆப்பு, பலகையின் நாருக்குக் குறுக்காக இருக்க வேண்டும். திசை மாறினால் பலகையே பிளந்துவிடும்.

இத்தனை திறமை இருந்தும் போட்ஜர்களுக்குக் கிடைத்த கூலி சொற்பமே. கால்களைக் கடைய இயந்திரங்கள் வந்தபின், 20ஆம் நூற்றாண்டில் அத்தொழில் படிப்படியாக மறைந்தது. 1970களில் பரவிய ஒரு நோய், பல இலட்சம் எல்ம் மரங்களை அழித்தது. அதனால் இருக்கைக்கு ஏற்ற பலகையும் அரிதாயிற்று.

இன்று இந்நாற்காலியைக் கையால் செய்யும் பட்டறைகளில் பெரும்பாலும் ஓரிருவரே இருக்கின்றனர். பிளப்பது, கடைவது, வளைப்பது, இணைப்பது எல்லாம் அவர்கள் பொறுப்பே. ஒரு நாற்காலி முடியப் பல நாள்கள் ஆகும். விலையும் அதற்கேற்ப உயரும். ஆசையோடு வந்து அமர்ந்து பார்த்துவிட்டு, விலையைக் கேட்டதும் எழுந்து செல்பவர்களும் உண்டு.