எதிர்வீட்டு மாத்திரை எனக்குக் கேட்குமா?

"ராத்திரி படுத்தாப் போதும், உள்ளங்கால்ல மிளகாய் அரைச்சுப் பூசின மாதிரி எரியுதும்மா!" எங்கள் தெரு அத்தை ஒருவர் இப்படித்தான் புலம்புவார். பத்து வருஷமாகச் சர்க்கரை. எதிர்வீட்டு அக்காவுக்கும் இதே எரிச்சல். அவருக்குக் கேட்ட மாத்திரையை அத்தையும் கேட்டு வாங்கி விழுங்கிவிட்டார். விடிகாலையில் தலை சுற்றிக் கிணற்றடியில் விழுந்தார். நல்ல வேளை, எலும்பு முறியவில்லை.

மாத்திரை கெட்டதல்ல, சகோதரிகளே. காபாபென்டின், பிரிகாபலின் போன்ற நரம்பு வலி மருந்துகள் சிறுநீர் வழியாகத்தான் வெளியேறுகின்றன. அத்தைக்குச் சிறுநீரகம் கொஞ்சம் தளர்ந்திருந்தது. மருந்து உடம்பிலேயே தங்கி, மயக்கமும் தள்ளாட்டமும் வந்துவிட்டன. அக்காவுக்குச் சரியான அளவு அத்தைக்கு அதிகம்! அமிட்ரிப்டிலின் என்று இன்னொன்று. வலியால் தூக்கம் கெட்டவர்களுக்குத் தோதானது. ஆனால் கண் நீரழுத்தமோ இதயத் துடிப்பில் கோளாறோ இருந்தால் டாக்டர் யோசிப்பார். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் வருஷக்கணக்கில் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 சத்து குறையலாம். அதிலும் கால் எரியும். அவர்களுக்கு முதலில் வேண்டியது பி12தான்.

எல்லா எரிச்சலும் சர்க்கரையுமல்ல. குனிந்து குனிந்து நாற்று நடுகிறவருக்கு இடுப்பிலிருந்து ஒரு கால் மட்டும் சுரீரென்று இழுத்தால், முதுகெலும்பில் நரம்பு நசுங்கியிருக்கலாம். பிள்ளை பெற்ற இளம் தாய்க்குக் கட்டைவிரல் பக்கம் மரத்துப்போனால், மணிக்கட்டில் நெருக்கம். ராத்திரி மணிக்கட்டு மடங்காமல் பட்டை கட்டினாலே பலருக்குக் குறைந்துவிடும். பால் கொடுப்பதை மட்டும் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

ஆளுக்கு ஒரு குறிப்பு என்பது தஞ்சாவூருக்குப் புதிதா என்ன? 1832இல் மறைந்த சரபோஜி மன்னர் காலத்திலேயே கண் நோயாளிகளின் கண்ணைப் படமாக வரைந்து, ஒவ்வொருவருக்கும் தனியாகச் சிகிச்சைக் குறிப்பு எழுதினார்கள். அந்த ஏடுகள் சரஸ்வதி மகால் நூலகத்தில் இருக்கின்றன.

அத்தையின் காலைப் பஞ்சால் தொட்டு, இசைக்கவையை அதிரவிட்டு வைத்துப் பார்த்தார் டாக்டர். ரத்தப் பரிசோதனைக்குப் பிறகு, ராத்திரிக்கு மட்டும் குறைந்த அளவில் ஒரு மாத்திரை. "வெந்நீர்ல காலை வைக்காதீங்க, மரத்த கால் வெந்தாலும் தெரியாது" என்றும் எச்சரித்தார். இரண்டு வாரம் கழித்துத்தான் அளவைச் சற்றுக் கூட்டினார்.

முந்தாநாள் அத்தையை விசாரித்தேன். "முழுசாப் போகலைம்மா. ஆனா தூங்குறேன்" என்றார்.