பற்றையைப் பிடுங்குமுன்

பிக்கரிங்கில் பழைய வீடு வாங்கும் அன்பர்களுக்கு, முன்னிருந்தோர் நட்ட பற்றைகளும் வளவோடு சேர்ந்தே வந்துவிடுகின்றன. கத்தரி, மிளகாய் நட இடமில்லை என்று பலர் அவற்றை வெட்டி எறிகின்றனர். வளர்ந்த செடியை அழிக்காமல் இன்னொருவர் வளவுக்கு மாற்றலாம்.

லைலக், ஹைட்ரேஞ்சா போன்றவற்றை இலை உதிர்ந்த பின்னரோ, இளவேனிலில் மொட்டு விரியுமுன்னரோ கிளப்புதல் நன்று. முதல்நாள் நிறையத் தண்ணீர் ஊற்ற வேண்டும். அடித்தண்டின் ஒவ்வோர் அங்குலத் தடிப்புக்கும் 10 முதல் 12 அங்குல அகலத்தில் வேரோடு மண்ணும் வரவேண்டும். அதைச் சாக்கில் கட்டிக் கொண்டுசென்று, முன்பிருந்த ஆழத்திலேயே நட்டு, முதலாண்டு முழுவதும் வேர் காயாது நீர் வார்க்க வேண்டும். தோண்டுமுன் ‘ஒன்ராறியோ வன் கோல்’ சேவைக்கு அறிவித்தல் சட்டப்படி கட்டாயம். நிலத்தடியில் எரிவாயுக் குழாய், மின்கம்பி செல்லுமிடங்களை இலவசமாக அடையாளமிட ஒழுங்கு செய்வர்.

ஆயினும் எல்லாச் செடியும் தானத்துக்கு உரியதன்று. ஐரோப்பிய பக்தோர்ன், மற்றவை இலை உதிர்த்த பின்னும் பச்சையாக நிற்கும். அதன் கறுத்த பழங்களைத் தின்னும் பறவைகள் விதையைக் காடெங்கும் பரப்புகின்றன. பிக்கரிங் வரை நீளும் ரூஜ் தேசிய நகரப் பூங்கா போன்ற காடுகளுக்கு அது கேடு. வெட்டினால் மீண்டும் தளிர்க்குமாதலால் வேரோடு அகற்ற வேண்டும். பொக்ஸ்வுட் செடியை அரிக்கும் அந்துப்பூச்சி, வட அமெரிக்காவில் முதன்முதலாக 2018இல் ரொறன்ரோவில் கண்டறியப்பட்டது. இலையிடையே நூல்வலையும் புழுவும் கண்டால் அச்செடியை எவருக்கும் கொடுத்தல் தகாது.

கொடுப்பவர் செடியின் பெயரை அறிந்து கொடுப்பாராக. பெறுபவரும் கேட்டறிந்து பெறுவாராக.