வெயில் மங்கினால் பற்றரி ஏன் நிரம்புவதில்லை?

தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்டவர்களுக்குத் தெரியும்: மிதி தளர்ந்தால் சத்தமும் தளரும். பற்றரி இன்னும் பிடிவாதமானது. 12 வோல்ற் ஈய அமிலப் பற்றரி நிரம்பச் சுமார் 14.4 வோல்ற் வேண்டும். சோலர் பனலின் அழுத்தம் பற்றரியினதிலும் குறைந்தால் எதுவும் ஏறாது. மின்சாரம் பனலுக்கே திரும்பிப் பாயாமல் கொன்ட்றோலர் தடுப்பதோடு சரி.

விலை கூடிய எம்பிபிடி வகைகளில் பெரும்பாலானவை மேலதிக வோல்ற்றைக் குறைத்து மின்னோட்டத்தைக் கூட்டும், குறைந்ததை உயர்த்தமாட்டா. உயர்த்துவதற்கு பூஸ்ட் வகை வேறாக இருக்கிறது. கடைகளில் இதை அரிதாகவே விளக்குவார்கள்.

மாரியில் பற்றரி நாட்கணக்காக அரைகுறையாகக் கிடந்தால் ஈயத் தகடுகளில் சல்பேற்று இறுகி ஆயுள் குறையும். எம்பிபிடி இருந்தால் இரண்டு பனல்களைத் தொடராக இணைக்கலாம். மந்தாரத்திலும், மெதுவாகவேனும், ஏறும். கொன்ட்றோலர் தாங்கும் உச்ச வோல்ற்றை முதலில் பாருங்கள்.