வானம் பார்த்த மன்னர்

ருஷ்ய நாட்டை ஒரு ராணி ஆண்டார். அவர் பெயர் காதரின். பிரான்சு நாட்டில் திதரோ என்ற அறிஞர் இருந்தார். மகளின் சீதனத்துக்குப் பணம் தேவைப்பட்டது. தம் புத்தகங்களையே விற்க முன்வந்தார். 1765-இல் ராணி அவற்றை வாங்கினார். ஆனால் எடுத்துச் செல்லவில்லை. அவரிடமே விட்டுவைத்தார். அவற்றைப் பார்த்துக்கொள்ளச் சம்பளமும் கொடுத்தார்!

அறிஞர்களை ஆதரித்த அரசர் நம் பக்கத்திலும் உண்டு. அவர் திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள். 1813-இல் பிறந்தவர். அவருக்குப் பாடம் சொன்னவர் தஞ்சாவூர் சுப்பாராவ். அவருடைய சபையில் பிடில் வாசித்தவர் தஞ்சாவூர் வடிவேலு. மன்னர் அவருக்குத் தந்தத்தால் செய்த பிடிலைப் பரிசளித்தார்.

மன்னருக்கு வானத்தின் மேலும் ஆசை. அப்போது ஆலப்புழையில் கால்டிகாட் என்ற ஆங்கிலேயர் இருந்தார். திருவிதாங்கூர் அரசின் வியாபாரத்தைக் கவனிப்பது அவர் வேலை. ஆனால் கருவிகளை வைத்து நட்சத்திரங்களைப் பார்த்துக் கணக்கு எழுதுவார். இது மன்னருக்குத் தெரிந்தது. மன்னர் நம் நாட்டு வானக் கணிதம் அறிந்தவர். நம் கணக்கும் ஐரோப்பியர் கணக்கும் ஒத்துவருமா? பார்த்துவிட நினைத்தார். கால்டிகாட்டைத் திருவனந்தபுரத்துக்கு வரவழைத்தார். 1837-இல் அங்கே ஒரு குன்றின் மேல் வான் ஆய்வுக்கூடம் எழுந்தது. கால்டிகாட் அதன் தலைவர் ஆனார். புதிய கருவிகள் வாங்க ஐரோப்பாவுக்கும் போய் வந்தார். அந்தக் கூடம் இன்றும் இருக்கிறது. கேரளப் பல்கலைக்கழகம் அதை நடத்துகிறது.

இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து வந்தது? மக்கள் கொடுத்த வரிதான். மன்னர் இலவச ஆங்கிலப் பள்ளியும் நடத்தினார். ஆனால் வயலில் உழைத்த புலையர் வீட்டுப் பிள்ளைகள் அரசுப் பள்ளிக்குள் நுழைய இருபதாம் நூற்றாண்டு பிறக்க வேண்டியிருந்தது. அதுவும் சும்மா கிடைக்கவில்லை. அய்யன்காளி தலைமையில் அவர்கள் வயல் வேலையை நிறுத்திப் போராடினார்கள்.