மேல்மொணவூரும் கேளம்பாக்கமும்

ஆம்பூர் பைபாஸில் காலை ஏழு மணிக்கு நின்றால் ஷூ கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போவதைப் பார்க்கலாம். பேரணாம்பட்டு, மாதனூர், வாணியம்பாடி பக்கத்துக் கிராமங்களிலிருந்து பெண்களை ஏற்றிக்கொண்டு வருகின்றன. உள்ளே போய் ஷூவின் மேல்பாகமான ‘அப்பர்’ தைக்கும் மிஷினில் உட்கார வேண்டுமென்றால் முதலில் ஆதார் வேண்டும். பிறகு வயதுச் சான்று, வங்கிக் கணக்கு, பி.எஃப்., இ.எஸ்.ஐ. பதிவு. ஐரோப்பியக் கம்பெனியின் ஆடிட்டர் வந்தால் பதப்படுத்திய தோலைத் தொட்டுப் பார்ப்பதற்கு முன்பே இந்த ஃபைலைத்தான் கேட்பார். கை எவ்வளவு வேகமாக ஓடினாலும் காகிதம் இல்லாதவருக்கு அந்த மிஷினில் இடமில்லை.

வேலூரை ஒட்டிய மேல்மொணவூரில் இருக்கும் இலங்கைத் தமிழர் முகாமில் பாதிக் காகிதங்கள் உண்டு. 2021 நவம்பரில் முதல்வர் ஸ்டாலின், மாநில முகாம்களுக்கான புதிய வீடுகளுக்கு இங்கேதான் அடிக்கல் நாட்டினார். 2023 செப்டம்பர் 17 அன்று, முதல் கட்டமாக முடிந்த 1,591 வீடுகளையும் இங்கிருந்தே திறந்துவைத்தார். முகாமில் இருப்பவர்களுக்கு ஆதார் இருக்கிறது, ரேஷன் இருக்கிறது, மாதப் பணக்கொடை வருகிறது. ஓட்டு கிடையாது, அரசு வேலை கிடையாது, இந்திய பாஸ்போர்ட் கிடையாது. செக்கிங் நாளில் வருவாய் ஆய்வாளர் (ஆர்.ஐ.) முன்னால் குடும்பத்தோடு நிற்க வேண்டும். தமிழ்நாட்டு முகாம்களில் ஆண்கள் பெரும்பாலும் பெயின்டிங் வேலைக்குத்தான் போகிறார்கள். இன்ஜினியரிங் முடித்த பையனும் கடைசியில் பிரஷ்ஷைத்தான் பிடிக்கிறான்.

ஆம்பூரிலிருந்து சுமார் 200 கிலோமீட்டர் கிழக்கே, சென்னைக்குத் தெற்கில் கேளம்பாக்கம். அங்கே ஒரு புயல் பாதுகாப்புக் கட்டடத்தில் 2012 முதல் மியான்மரின் ரோஹிங்கியா முஸ்லிம் குடும்பங்கள் சில தங்கவைக்கப்பட்டன. பெரியவர், குழந்தை எல்லாரையும் எண்ணினாலும் நூறு பேர் தேற மாட்டார்கள். அவர்கள் கையில் இருப்பது ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் அட்டை. அதற்கு இந்தியச் சட்டத்தில் மதிப்பில்லை. ஆண்கள் பழைய இரும்பு, பிளாஸ்டிக், அட்டை பொறுக்கி எடைக்குப் போட்டுப் பிழைக்கிறார்கள். பிள்ளைகள் பக்கத்து அரசுப் பள்ளியில் தமிழ் படிக்கிறார்கள்.

இந்தத் தோல் நகரங்களின் மேடைகளில் மேல்மொணவூரையும் கேளம்பாக்கத்தையும் ஒரே மூச்சில் யாரும் பேசுவதில்லை. ஈழம் பேசுகிற மேடையில் ரோஹிங்கியா வருவதில்லை. ரோஹிங்கியாவுக்காகக் கண்ணீர் விடுகிற மேடையில் முகாம் தமிழர் வருவதில்லை. ஒன்று இனப் பிரச்சினை, இன்னொன்று மதப் பிரச்சினை என்று பாகம் பிரித்துவிட்டோம். இரண்டும் ஒரே பிரச்சினை என்பதும், அதன் பெயர் குடியுரிமைப் பறிப்பு என்பதும் என் உறுதியான எண்ணம். அதைச் சொல்லத் தமிழர்களைவிடத் தகுதியானவர்கள் இந்த வட்டாரத்தில் யாரும் இல்லை.

இன்று மியான்மர் எனப்படும் பர்மாவையே எடுத்துக்கொள்வோம். 1930களில் கீழ் பர்மாவின் நெல் நிலத்தில் ஏறத்தாழ கால் பங்கு செட்டியார் வட்டிக்கடைகளின் கைக்குப் போயிருந்தது. நிலம் இழந்த பர்மிய விவசாயியின் கோபம் நியாயமானது. ஆனால் அந்தக் கோபத்தை அரசியலாக்கியவர்கள் வட்டிக்கடை முதலாளிக்கும் ரங்கூன் துறைமுகத்தில் மூட்டை தூக்கிய தமிழனுக்கும் அரக்கானில் (இன்றைய ராக்கைன் மாநிலத்தில்) தலைமுறைகளாக உழுதுகொண்டிருந்த ரோஹிங்கியா முஸ்லிமுக்கும் வித்தியாசம் பார்க்கவில்லை. எல்லாரும் வெளியாட்கள், எல்லாரும் வெள்ளைக்காரன் கூட்டிவந்தவர்கள் என்றார்கள். 1930-லும் 1938-லும் கலவரம். 1942-இல் ஜப்பான் படை வந்தபோது லட்சக்கணக்கான இந்தியர்கள் காடு, மலை வழியாக நடந்தே தப்பி வந்தார்கள். வழியில் செத்தவர்கள் ஏராளம். 1962-இல் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்தார். அடுத்த இரண்டு ஆண்டுகளில் கடைகள் தேசியமயமாயின, 1964 மே மாதத்தில் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாதென அறிவிக்கப்பட்டன. உடுத்த துணியோடு கப்பலேறி வந்தவர்களுக்குத்தான் சென்னைக் கடற்கரையோரத்தில் பர்மா பஜார் அமைந்தது.

அதே நே வின் ஆட்சியில்தான் 1982 குடியுரிமைச் சட்டம் வந்தது. 1823-க்கு முன்பே பர்மாவில் குடியிருந்த இனத்தவருக்கே முழுக் குடியுரிமை என்றது அது. அரசு ஏற்கும் 135 இனங்களின் பட்டியலில் ரோஹிங்கியா இல்லை. இத்தனைக்கும் ஊ நூ பிரதமராக இருந்த காலத்தில், இவர்களில் நாடாளுமன்ற உறுப்பினர்கள் இருந்தார்கள்; அரசு வானொலியே ரோஹிங்கியா மொழியில் நிகழ்ச்சி ஒலிபரப்பியது. ஒரு சட்டம் அத்தனையையும் இல்லையென்று ஆக்கிவிட்டது.

இதைப் படிக்கும் இலங்கைத் தமிழருக்கு 1948 ஞாபகம் வராமல் இருக்காது. சுதந்திரம் கிடைத்த அதே ஆண்டில் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம், தேயிலைத் தோட்டங்களில் ரத்தம் சிந்திய மலையகத் தமிழர் லட்சக்கணக்கானவர்களை நாடற்றவர்களாக்கியது. மறு ஆண்டு ஓட்டும் பறிபோனது. 1964-இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் உட்கார்ந்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு போட்டுக்கொண்டார்கள். மிச்சமிருந்த ஒன்றரை லட்சம் பேரின் கணக்கைத் தீர்க்க இன்னும் பத்து ஆண்டுகள் ஆயின. கொழும்பு 1948-இல் செய்ததை ரங்கூன் 1982-இல் செய்தது. தமிழ்நாட்டு முகாம்களில் இன்று இருப்பவர்களில் கணிசமானோர் இந்த மலையக வழி வந்தவர்கள்தான்.

ரோஹிங்கியாக்களுக்கு முடிவு இன்னும் கொடூரமாக இருந்தது. 1978-இல் இரண்டு லட்சம் பேர், 1991–92-இல் இரண்டரை லட்சம் பேர் என்று ஏற்கெனவே விரட்டப்பட்டிருந்தார்கள். 2017 ஆகஸ்ட் 25 அன்று அர்சா என்ற ஆயுதக் குழு போலீஸ் சாவடிகளைத் தாக்கியது. அதைச் சாக்காக வைத்து ராணுவம் ஊர் ஊராக எரித்தது. சில மாதங்களுக்குள் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டோர் நாஃப் ஆற்றைக் கடந்து வங்கதேசம் போனார்கள். இன்று காக்ஸ் பஜார் முகாம்களில் பத்து லட்சத்துக்கு மேல். ஆம்பூரில் வங்கதேசம் என்றால் வரியில்லாமல் ஐரோப்பாவுக்கு ஷூ அனுப்பும் போட்டியாளர் என்றுதான் பேச்சு. நம்மைவிடச் சிறிய அந்த நாடு இத்தனை பேரை வைத்துச் சோறு போடுகிறது என்பதும் பேசப்பட வேண்டும்.

டெல்லி என்ன செய்தது? அந்தப் படுகொலைக்கு இரண்டு வாரம் முன்பு, 2017 ஆகஸ்ட் தொடக்கத்தில், ரோஹிங்கியாக்களை அடையாளம் கண்டு திருப்பி அனுப்பச் சொல்லி மாநிலங்களுக்கு உள்துறை கடிதம் எழுதியது. அரசின் மதிப்பீட்டில் நாடு முழுவதும் அவர்கள் சுமார் 40,000 பேர். 2018 அக்டோபரில் ஏழு பேரை மணிப்பூரின் மோரே எல்லையில் மியான்மரிடம் ஒப்படைத்தார்கள். மோரே என்ன ஊர்? 1960களில் பர்மாவிலிருந்து துரத்தப்பட்டு, திரும்பிப் போக முயன்று, எல்லையில் தடுக்கப்பட்ட தமிழர்கள் குடியேறிக் கோயில் கட்டிய ஊர்.

2019 வேலூருக்கு மறக்க முடியாத ஆண்டு. பணப் பட்டுவாடா புகாரில் ஏப்ரல் மக்களவைத் தேர்தல் இங்கே ரத்தாகி, ஆகஸ்ட் 5 அன்று வாக்குப்பதிவு நடந்தது. மாநிலங்களவையில் முத்தலாக் மசோதா நிறைவேறி ஒரு வாரம்கூட ஆகவில்லை. காஷ்மீரின் 370-ஆவது பிரிவு நீக்கப்பட்டதும் அதே ஆகஸ்ட் 5-தான். திமுகவின் கதிர் ஆனந்த் வெறும் 8,141 வாக்குகளில் அதிமுக கூட்டணியின் ஏ.சி. சண்முகத்தை வென்றார். முஸ்லிம்கள் கணிசமாக வாழும் வாணியம்பாடியும் ஆம்பூரும் கொடுத்த முன்னிலைதான் அவரைக் கரை சேர்த்தது. அந்த டிசம்பரில் குடியுரிமைத் திருத்தச் சட்டம். பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்த முஸ்லிம் அல்லாதோருக்கு வழி திறந்தது அது. மியான்மர் அதில் இல்லை, இலங்கையும் இல்லை. ரோஹிங்கியாக்களை ஒருபோதும் ஏற்கமாட்டோம் என்று அமித் ஷா மக்களவையில் வெளிப்படையாகவே சொன்னார். இலங்கைத் தமிழ் அகதிகளில் பெரும்பாலோர் இந்துக்கள். மதம் காப்பாற்றும் என்று நம்பியிருந்தால் அது அவர்களையும் காப்பாற்றவில்லை.

மாநிலங்களவையில் அந்த மசோதாவுக்கு அதிமுகவின் 11 பேரும் பாமகவின் ஒருவரும் ஓட்டுப் போட்டார்கள். அந்த 12 ஓட்டுதான் சட்டத்தை நிறைவேற்றியது என்று திமுக ஊர் ஊராகச் சொன்னது. 2021 தேர்தல் அறிக்கையில் அதிமுகவே சட்டத்தைக் கைவிடச் சொல்லி மத்திய அரசை வலியுறுத்துவோம் என்று எழுத வேண்டிவந்தது. ஆட்சிக்கு வந்த திமுக, 2021 செப்டம்பர் 8 அன்று சட்டமன்றத்தில் எதிர்ப்புத் தீர்மானம் நிறைவேற்றியது. 2024 மார்ச் 11 அன்று அந்தச் சட்டத்தின் விதிகள் வெளியாயின. அந்த ஆண்டு மக்களவைத் தேர்தலில் வேலூரில் கதிர் ஆனந்தின் வித்தியாசம் இரண்டு லட்சத்தைத் தாண்டியது. அதற்குக் கூட்டணிக் கணக்கும் காரணம்; ஆனாலும் குடியுரிமைப் பயம் இந்தத் தொகுதியில் எவ்வளவு ஆழமாக இறங்கியிருக்கிறது என்பதை வாணியம்பாடி டீக்கடையில் பத்து நிமிடம் உட்கார்ந்தால் தெரிந்துகொள்ளலாம். இத்தனை தீர்மானத்திலும் பிரச்சாரத்திலும் கேளம்பாக்கத்துக் குடும்பங்களுக்கென்று ஒரு வரி கிடைத்ததா? நான் கேட்டதில்லை.

பாதுகாப்பு பற்றிய கேள்வியைத் தட்டிக்கழிக்கக் கூடாது. அர்சா கொலைகாரக் குழுதான்; 2017 ஆகஸ்ட்டில் அரக்கானில் இந்துக் கிராமத்தவரை, பெண்கள் குழந்தைகள் உட்பட, அவர்கள் கொன்றதை அம்னஸ்டி பதிவு செய்திருக்கிறது. ஆனால் இந்தக் கேள்விக்கு வேலூருக்குச் சொந்த அனுபவமே உண்டு. கோட்டைக்குள் இருக்கும் திப்பு மகாலில் விடுதலைப் புலிகளுக்கான சிறப்பு முகாம் இருந்தது. 1995-இல் நாற்பதுக்கும் மேற்பட்டோர் சுரங்கம் தோண்டித் தப்பினார்கள். அதற்கு முன் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொலை. அந்தக் கோபத்தில் ஒட்டுமொத்த அகதிகளையும் சந்தேகித்தோம், 1992 முதல் ஆயிரக்கணக்கானோரைக் கப்பலேற்றினோம். ஸ்ரீபெரும்புதூருக்கு முகாமில் கஞ்சி காய்ச்சிய அம்மா பொறுப்பாளியா என்று கேட்கத் தமிழ்நாட்டுக்குப் பல ஆண்டுகள் பிடித்தன. ரோஹிங்கியாக்கள் விஷயத்தில் அத்தனை ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதில்லை.

இதற்கிடையே அரக்கானே கைமாறிவிட்டது. 2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைக் கவிழ்த்தது; த ஹேக் சர்வதேச நீதிமன்றத்தில் அதே ராணுவத்துக்காக வாதாடிய ஆங் சான் சூச்சியும் சிறைக்குப் போனார். 2024 முடிவதற்குள் மாநிலத்தின் பெரும்பகுதியை அரக்கான் ஆர்மி என்ற கிளர்ச்சிப் படை பிடித்துவிட்டது. இந்தியா கட்டிய சிட்வே துறைமுகமும் சீனா கண் வைத்திருக்கும் கியாவ்ப்யூவும் அந்தக் கரையில்தான் இருக்கின்றன. ஆகவே டெல்லி, பெய்ஜிங், டாக்கா எல்லாருக்கும் அங்கே பேச்சுவார்த்தை துறைமுகத்தைப் பற்றி. மனிதர்களைப் பற்றி அல்ல. தப்பியவர்கள் படகில் ஏறுகிறார்கள். 2024 டிசம்பரில் நூற்றுக்கும் மேற்பட்டோருடன் ஒரு படகு இலங்கையின் முள்ளிவாய்க்கால் கரையில் ஒதுங்கியது. முல்லைத்தீவு மீனவர்கள் அவர்களுக்குச் சாப்பாடும் தண்ணீரும் கொடுத்தார்கள். இலங்கை அரசு திருப்பி அனுப்பப் பார்த்தபோது எதிர்த்துத் தெருவுக்கு வந்தவர்களும் அந்த மண்ணின் தமிழர்கள்தான். தமிழ்நாட்டுக் கட்சிகளுக்கு முன்னுதாரணம் வேண்டுமென்றால் அங்கே இருக்கிறது.

2025 மே மாதம் உச்ச நீதிமன்றத்தில் நடந்தது என்னை உலுக்கியது. சுமார் நாற்பது ரோஹிங்கியாக்களை அந்தமான் கடலில் இறக்கிவிட்டதாக வந்த மனுவை ஒரு அமர்வு நம்ப மறுத்தது. அடுத்த சில நாட்களில் இன்னொரு அமர்வு, இலங்கைத் தமிழர் ஒருவரின் மனுவைத் தள்ளி, எல்லா நாட்டு அகதிகளையும் வைத்துக்கொள்ள இந்தியா தர்மசத்திரம் இல்லை என்றது. ஒரே வாரத்தில் இருவருக்கும் ஒரே கதவு சாத்தப்பட்டது. பிறகு செப்டம்பரில், 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்களுக்குப் புதிய குடியேற்றச் சட்டத்தின் தண்டனைகளிலிருந்து விலக்கு கிடைத்தது. நல்ல காரியம். ஆனால் அது உரிமையாகாது, ஒரு அரசாணை கொடுத்ததை இன்னொன்று எடுத்துவிடலாம். காரணம், 1951 அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. நமக்கென்று அகதிகள் சட்டமும் இல்லை. யார் அகதி, யார் ஊடுருவல்காரர் என்பதை அந்தந்த நாளின் அரசியல் முடிவு செய்கிறது.

அந்த அரசியல் இப்போது சொந்தக் குடிமக்கள் வீட்டுக் கதவையும் தட்டுகிறது. 2025-இல் பீகாரில் வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தத்தை நியாயப்படுத்த ரோஹிங்கியா பேச்சு எழுந்தது. நவம்பரில் அதே திருத்தம் தமிழ்நாட்டுக்கு வந்தது. 2002, 2005 பட்டியலில் அப்பா பெயர் எந்த வார்டில், எந்தப் பாகத்தில் இருந்தது என்று ஆம்பூர், பேரணாம்பட்டு வீடுகளில் தேடினார்கள். வாடகை வீடு மாறிக்கொண்டே இருக்கும் தோல் தொழிலாளிக்கும், கல்யாணமாகி வேறு ஊரிலிருந்து வந்த பெண்ணுக்கும்தான் அந்தத் தேடல் கடினம்; அவர்களில் எல்லா மதத்தாரும் உண்டு.

அகதிகளுக்கான தனிநபர் மசோதா ஒன்றை சசி தரூர் 2022-இல் மக்களவையில் வைத்தார். பேச ஆளில்லாமல் கிடந்தது. தமிழ்நாட்டு எம்.பி.க்கள் அதை மீண்டும் கொண்டுவரலாம். அதில் இவை இருக்க வேண்டும். இன்ன நாடு, இன்ன மதம் என்று பார்க்காமல், உயிருக்குப் பயந்து வந்தவர் என்று விசாரித்து உறுதியானால் தங்கவும் வேலை செய்யவும் அனுமதி. ஆபத்துள்ள இடத்துக்குத் திருப்பி அனுப்புவதற்குத் தடை. இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைக்குக் குடியுரிமைக்கு வழி. மேல்மொணவூருக்கு இது எவ்வளவு தேவையோ கேளம்பாக்கத்துக்கும் அவ்வளவு தேவை. வேலூரில் அடுத்து ஓட்டுக் கேட்டு வருகிற வேட்பாளரிடம், எந்தக் கட்சியானாலும், இந்த மசோதாவுக்கு ஆதரவா இல்லையா என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.