டிஸ்ட்ராக்ட்: பிய்த்து இழுக்கப்படும் கவனம்

ஆங்கிலத்தில் 'டிஸ்ட்ராக்ட்' என்றொரு வினைச்சொல் உண்டு. 'கவனத்தைத் திருப்பு' என்று அதற்குப் பொருள் கூறுவர். தவறில்லை, ஆனால் அது பாதிப் பொருளே. இலத்தீன் மொழியில் 'டிராகெரே' என்றால் இழுத்தல். 'டிஸ்' என்னும் முன்னொட்டு 'வெவ்வேறாக' எனப் பொருள்படும். ஆகவே டிஸ்ட்ராக்ட் என்பது பிய்த்து இழுத்தல்.

அம்பத்தூரிலோ ஆவடியிலோ நீங்கள் மின்சார ரயில் ஏறினால் இந்த வேர்ச்சொல்லும் உடன் வருகிறது. தலைக்கு மேலுள்ள 25,000 வோல்ட் கம்பியிலிருந்து மின்சாரம் பெற்று வண்டியை இழுப்பதை ரயில்வேயார் 'டிராக்ஷன்' என்பர். கலப்பையை இழுப்பது டிராக்டர். தன்பால் இழுப்பது அட்ராக்ட். பல்லைப் பிடுங்குவது எக்ஸ்ட்ராக்ட். எல்லாம் ஒரே குடும்பம்!

'டைவர்ட்' என்ற சொல்லோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. பூந்தமல்லி சாலையில் பணி நடக்கும்போது பேருந்தை வேறு தெரு வழியாக அனுப்புவது டைவர்ட். பேருந்து முழுவதுமாகத் திரும்பிவிடுகிறது. டிஸ்ட்ராக்ட் ஆனவரின் மனமோ பாதி இங்கே, பாதி அங்கே. கவனம் எதைவிட்டுக் கலைந்ததோ அதற்கு முன் 'ஃப்ரம்' வரும். செயப்பாட்டு வினையில் கலைத்த பொருளுக்கு முன் 'பை' வரும். 'டிட்ராக்ட்' என்பது மதிப்பைக் குறைத்தல். மாணவர்கள் இங்கேதான் இடறுகிறார்கள்.

கவனத்தைப் பங்கிட முடியாதா என்று கேட்பீர்கள். 1953-இல் காலின் செர்ரி என்ற ஆங்கிலேய அறிஞர், ஒருவரின் இரு காதுகளிலும் இருவேறு பேச்சுகளை ஒலிக்கச் செய்தார். ஒரு காதில் கேட்பதை உடனுக்குடன் திருப்பிச் சொல்ல வேண்டும். மறு காதில் ஆங்கிலம் மாறி ஜெர்மன் வந்தபோதும் கேட்டவர்களுக்கு அது தெரியவில்லை! ஒலி செவிப்பறையைத் தொட்டது. மனம் அதை ஏற்கவில்லை.

கண்ணின் கதையும் இதுவே. 1999-இல் சைமன்ஸ், சாப்ரிஸ் என்ற அமெரிக்க உளவியலார், பந்து எறிவோரின் படத்தைக் காட்டி, எத்தனை முறை பந்து கைமாறுகிறது என்று எண்ணச் சொன்னார்கள். நடுவே கொரில்லா வேடமிட்ட ஒருவர் நடந்து சென்றார். பார்த்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் அவரைக் காணவேயில்லை.

இனி நம் ஊருக்கு வருவோம். அம்பத்தூர், ஆவடிப் பக்கம் தண்டவாளத்தைக் குறுக்கே கடப்பவர் காதில் பாட்டோ பேச்சோ ஒலிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் வரும் விரைவு வண்டி ஒரு விநாடியில் 25 மீட்டர் கடக்கிறது. பேச்சில் 4 விநாடி ஆழ்ந்தால் வண்டி 100 மீட்டர் நெருங்கிவிடும். அது நிற்கவோ பல நூறு மீட்டர் வேண்டும். ஓட்டுநர் என்னதான் செய்வார்?

சாலையிலும் இப்படியே. 2001-இல் ஸ்ட்ரேயர், ஜான்ஸ்டன் இருவரும் ஆய்வுக்கூடத்தில் வண்டி ஓட்டுவது போன்ற பயிற்சியில் சிலரை ஈடுபடுத்தினர். தொலைபேசியில் உரையாடியபோது அவர்கள் சைகை விளக்கைத் தவறவிடுவது இருமடங்கானது. கையில் பிடித்துப் பேசினாலும், கையில் பிடிக்காமல் பேசினாலும் வேறுபாடில்லை. நமது மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019-ஆம் ஆண்டுத் திருத்தமோ, ஓட்டும்போது கையில் பிடித்துப் பயன்படுத்தும் கருவியைத்தான் குறிப்பிடுகிறது. சட்டம் கையைப் பார்க்கிறது. இடர்ப்பாடு மனத்தில் இருக்கிறது. இது ஒரு குறையே என்பது என் கருத்து.

டிஸ்ட்ராக்ட் செய்வது எப்போதும் தீது என்று எண்ண வேண்டாம். ஊசி போடும்போது செவிலியர் குழந்தைக்குப் பொம்மை காட்டுவதும் இதுதான். கவனம் பொம்மையின் பக்கம் இழுபட்டால் வலி குறைவாகவே உணரப்படுகிறது.

பூந்தமல்லியில் பார்வையற்றோருக்கான அரசுப் பள்ளி இருக்கிறது. பார்வையற்றவர் கைத்தடியின் தட்டலையும் வண்டிகளின் ஓசையையும் கொண்டே தெருவை அறிகிறார். தேவையின்றி அலறும் ஹாரன் நமக்கு எரிச்சல் மட்டுமே. அவருக்கோ அந்நொடியில் தெருவே மறைந்துபோகிறது.