மலேரியா போன வன்னியில் மண்ணீரல் வீக்கம்

சோகை பிடித்த பிள்ளையின் இடது விலாவுக்குக் கீழே மண்ணீரல் கைக்குத் தட்டுப்பட்டால், வன்னியில் நெடுங்காலம் முதலில் நினைக்கப்பட்டது மலேரியாதான். அதில் பிழையில்லை. ஓர் ஊரில் எத்தனை பிள்ளைகளுக்கு மண்ணீரல் பெருத்திருக்கிறது என்று எண்ணித்தான் அங்கே மலேரியா எவ்வளவு வேரூன்றியிருக்கிறது என்பதையே முன்னர் கணித்தார்கள். ஆனால் 2012 ஒக்டோபரோடு இலங்கைக்குள் அந்த நோயின் தொடர்ச்சியான பரவல் நின்றது. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் நாட்டை மலேரியா அற்றதென அறிவித்தது. கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ வவுனியாவிலோ இன்று வளரும் பிள்ளைக்கு மண்ணீரல் வீங்கினால் வேறு காரணம் தேடத்தான் வேண்டும். தலசீமியாவை மருத்துவர்கள் மறப்பதில்லை. எளிதில் தவறிப்போவது செங்குழியத்தின் மென்சவ்வில் உள்ள பரம்பரைக் குறைபாடு. அதைச் சந்தேகிக்கவும், பெரும்பாலும் உறுதிசெய்யவும், மாவட்ட வைத்தியசாலைக்கு எட்டக்கூடிய சாதாரணப் பரிசோதனைகளே போதும் என்பது என் வாதம்.

செங்குழியம் ஏழெட்டு மைக்ரோமீற்றர் அகலமான தட்டு. சுமார் 120 நாள் வாழும் அது, மண்ணீரலில் தன்னைவிடக் குறுகிய இடுக்குகளுக்குள் நெளிந்து நுழைந்து வெளியேற வேண்டும். இந்த நெளிவைத் தருவது மென்சவ்வின் உட்புறத்தில் மீன்வலைபோல விரிந்திருக்கும் ஸ்பெக்ட்ரின் என்ற புரதம். அதை மேற்சவ்வோடு இணைக்கும் அங்கிரின், பான்ட் 3 போன்ற புரதங்களில் ஒன்று குறைந்தாலும் சவ்வு சிறிது சிறிதாக உதிர்கிறது. உள்ளிருப்பது குறையாமல் சவ்வு மட்டும் சுருங்குவதால் கலம் உருண்டையாகிவிடும். உருண்டைக் கலம் நெளியாது. மண்ணீரல் அதைப் பிடித்து அழித்துவிடும். சோகையும் கண் மஞ்சளிப்பதும், இள வயதிலேயே பித்தக்கல் உண்டாவதும் இதனால்தான். பரம்பரை உருண்டைச் செங்குழிய நோய் என்பது இதுவே. இதில் மஞ்சள் தானாக ஏறி இறங்கும். இறங்கும் நேரத்தில் கீழாநெல்லி கொடுத்திருந்தால், செங்கமாரியை மாற்றிய பெயர் அதற்குப் போய்விடும்!

எல்லோரும் அறிந்த எஃப்.பி.சி. (முழு இரத்தக் கல எண்ணிக்கை) அறிக்கையிலேயே முதல் தடயம் இருக்கிறது. பலர் ஹீமோகுளோபின் எண்ணைப் பார்த்தவுடன் தாளை மடித்துவிடுகிறார்கள். எம்.சி.எச்.சி. என்ற வரி, கலத்துக்குள் ஹீமோகுளோபின் எவ்வளவு செறிவாக உள்ளது என்று காட்டும். இரும்புச்சத்துக் குறைவிலும் தலசீமியாவிலும் அது உயர்வதில்லை, குறையவே பார்க்கும்; உருண்டைக் கலங்களிலோ 36ஐத் தாண்டக்கூடும். அடுத்தது பிளட் பிக்சர். கண்ணாடித் துண்டில் இரத்தத்தைப் பூசிச் சாயமேற்றிப் பார்த்தால், நடு வெளுப்பு இல்லாத சிறிய அடர்ந்த கலங்கள் தெரியும். மலேரியாவுக்காக இப்படிப் பூசிப் பார்த்த பிரதேசத்துக்கு இது புதிய வித்தை அல்ல. இளம் செங்குழியங்களின் எண்ணிக்கையும் கூடியிருந்தால் சந்தேகம் வலுக்கும். பிரித்தானிய இரத்தவியல் வழிகாட்டி, குடும்ப வரலாறும் நோய்க்குறிகளும் இந்தச் சாதாரண முடிவுகளும் ஒத்துப்போனால் மேலதிகப் பரிசோதனை தேவையில்லை என்றே சொல்கிறது.

அபூர்வ நோய்க்கு இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று கேட்கலாம். வட ஐரோப்பியரில் ஏறத்தாழ 2000 பேருக்கு ஒருவரிடம் இது உண்டு. சோகை கண்ட பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு இது இராது என்பதும் சரி. ஆனால் நான் கேட்பது புதிய செலவை அல்ல, ஏற்கெனவே எடுத்த இரத்தத்தை முழுதாக வாசிப்பதை. வாசிக்காவிட்டால் தேவையற்ற இரும்புக் குளிசை மாதக்கணக்கில் தொடரும். இந்நோயுள்ள பிள்ளைக்குப் பார்வோ வைரஸ் தொற்றும்போது புதிய செங்குழிய உற்பத்தி சில நாள் நின்று, ஹீமோகுளோபின் திடீரெனச் சரியும். நோயுள்ள சகோதரர்கள் ஒன்றாக விழவும் கூடும். முன்பே தெரிந்த குடும்பம் அப்போது நேரம் கடத்தாமல் வைத்தியசாலைக்கு ஓடும்.

வலுவான ஆட்சேபம் வேறு. நாலில் மூன்று பங்கு நோயாளிகளுக்கு இது பெற்றோர் ஒருவரிடமிருந்து வருவதால், குடும்ப வரலாறே பாதிச் சோதனை. போரினால் 2009 வரை இடம்பெயர்ந்து, கிளினிக் கொப்பி முதல் உறவுகள் வரை இழந்த குடும்பத்திடம், பேரனாருக்கு மண்ணீரல் எடுத்தார்களா என்று எப்படிக் கேட்பது? அதற்கு மாற்று, உயிரோடிருக்கும் பெற்றோரினதும் சகோதரரினதும் இரத்தத்தையும் அதே கண்ணாடித் துண்டில் பார்ப்பது. புலம்பெயர்ந்த சித்தப்பாவிடம் தொலைபேசியில் பித்தக்கல்லைப் பற்றி விசாரிப்பதும் மருத்துவத் தகவல்தான். உருண்டைக் கலங்கள் நோயெதிர்ப்புக் கோளாறிலும் தோன்றும் என்பது உண்மை. அதைப் பிரித்தறிய 1945இல் வந்த கூம்ஸ் சோதனை இருக்கிறது.

உப்புக் கரைசலின் செறிவைப் படிப்படியாகக் குறைத்து, கலங்கள் எப்போது வெடிக்கின்றன என்று பார்க்கும் பழைய சோதனையை நான் பெரிதாக நம்பமாட்டேன். இலேசான நோயை அது தவறவிடும். இரும்புக் குறைவோ தலசீமியாவோ சேர்ந்திருந்தால் முடிவு குழம்பும். இரத்தமும் புதிதாக இருக்க வேண்டும். 2000இல் அறிமுகமான ஈ.எம்.ஏ. சோதனை, பான்ட் 3 புரதத்தோடு ஒட்டும் ஒளிர்சாயத்தை அளப்பது. சில துளி இரத்தம் போதும், ஆனால் ஃபுளோ சைற்றோமீற்றர் வேண்டும். மண்ணீரலை அகற்ற யோசிக்கும்போது, படம் தெளிவில்லையென்றால் இந்த வசதியைத் தேடிப் போவதைத் தவிர்க்கக்கூடாது. மென்சவ்வு நோய்களிலேயே ஸ்ரோமற்றோசைற்றோசிஸ் என்ற ஒருவகை உண்டு. அதில் மண்ணீரலை எடுத்தால் இரத்தக்கட்டி அபாயம் கூடும். அத்தகைய நிலையில் மாதிரிக் குப்பியை ஏ9 வீதியில் அனுப்பி அது பழுதாவதைவிட, பிள்ளையையே அந்த ஆய்வுகூடத்துக்கு அனுப்பி அங்கே இரத்தம் எடுப்பது மேல்.